முன்பல்லுக்கு ஒரு டிராயிங்

எங்கள் ஊர் கணபதியில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கோர் என்றால் என் ஷெட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். கோர் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பம்புக்குள்ளே தண்ணீர் ஓட ஒரு பொந்து இருக்கிறதே, அந்தப் பொந்தை முதலில் மணலில் செய்ய வேண்டும். அந்த மணல் அச்சை நடுவில் வைத்துச் சுற்றிலும் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆறியதும் மணலைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். இரும்பு நிற்கும், பொந்து மிஞ்சும். அந்த மணல் அச்சுதான் கோர். இந்த ஊரிலிருந்து எங்கெங்கோ பம்பு போகிறது. இரும்பு யாருடையதோ, மேலே ஒட்டியிருக்கும் பெயர் யாருடையதோ, உள்ளே இருக்கும் பொந்து என்னுடையது. இப்படிப் பெருமை பேச வேறு யாருக்கு வாய்க்கும்?

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். இன்றைக்கு இரண்டு ஷெட், முப்பத்திரண்டு பெண்கள். ஏபிசிடி முழுதாகத் தெரியாது, ஆனால் கம்பெனிக்காரர்கள் அளவு போட்டு வரைந்து தரும் டிராயிங் பார்க்கத் தெரியும். மகளிர் தினத்துக்கு மேடையில் ஏற்றி நாலு தடவை சால்வை போட்டிருக்கிறார்கள். மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்க இரண்டு பேர் வேண்டும், அவ்வளவு பேசுவேன். அந்த நாலு தடவை எடுத்த போட்டோவிலும் மைக் சரியாக என் வாய்க்கு நேராக இருக்கும். மேடை ஏறச் சம்மதித்ததே அதனால்தான் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு எத்துப்பல். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி வாசலில் வந்து நிற்கும். பக்கத்துப் பற்கள் அதுகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். நான் பிறந்தது ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், ஓலை வீட்டில். தென்னை மரத்துக்கும் தேங்காய் துருவிக்கும் அங்கே பஞ்சமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் ‘துருவி’. “துருவி வருது, தேங்காய எடுத்து ஒளிங்கடா!” என்று பையன்கள் கத்துவார்கள். மேடையில் நான் சொல்வது வறுமையால் படிப்பை விட்டேன் என்று. வறுமை பொய்யில்லை. ஆனால் ஆறாவது படிக்கப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். அங்கே புதிதாக நூறு பிள்ளைகள், நூறு பேரும் கேலியை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். முதல் நாள் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. மறுநாளும் வலித்தது. அதோடு படிப்பு முடிந்தது.

பதினாறு வயதில் கணபதியில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தேன். இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் கோர் பிடிக்கிற வேலை. மணலைக் கையில் எடுத்த மூன்றாம் மாதம் என் மாதிரி அந்த ஷெட்டில் யாரும் பிடிக்க முடியாது என்று ஆகிவிட்டது. இருபது வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தைக்கு ஒரே கவலை.

“வாய இறுக்கி மூடிக்கோ கண்ணு. அவிய போற வரைக்கும் தொறக்கக் கூடாது. தொறந்தீன்னா வந்த ஒறம்பரை காப்பியக் குடிச்சுப்போட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிருவாங்க” என்றார்.

மூடிக்கொண்டேன். தலையையும் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளையில் நான் பார்த்தது அவர் வலது கால் கட்டைவிரல், அதில் கறுத்துப்போன நகம், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அக்கா, அதாவது இன்றைக்கு என் நாத்தனார், “அம்மணி, பேரென்ன?” என்று கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன், அத்தை சொன்னார். “எதுவரைக்கும் படிச்சிருக்கே?” என்றார். ஐந்து விரலைக் காட்டினேன். “என்ன வேலை செய்யறே?” என்றார். இரண்டு கையாலும் மணலை அமுக்கிக் காட்டினேன். காப்பி குடித்தார்கள், கும்பிட்டார்கள், கிளம்பினார்கள். பஸ் ஏறப் போன இடத்தில் நாத்தனார் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

“ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு பேசுமுங்களா?”

“நல்லாப் பேசுமுங்க. வெக்கமுங்க” என்றிருக்கிறார் அத்தை.

அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. என் இரண்டு பல்லை மறைக்கப் போய் என்னை ஊமையாக்கி அனுப்பிவிட்டார் அத்தை.

இரண்டு நாள் கழித்து வேலை விட்டு வெளியே வருகிறேன். கேட்டில் ஒருவர், காதில் பென்சில், கக்கத்தில் ஒரு மரப்பெட்டி. கோர் பெட்டி, அதில்தான் மணலை அடைத்து அச்சு எடுப்போம்.

“ஏனுங்க அம்மணி, இந்தப் பொட்டி உங்க கம்பெனியிதுங்களா?”

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “எங்களுதில்லீங்க. இதுல எப்படிங்க மண்ணு பிடிக்கறது? இந்த மூலையப் பாருங்க, கூரா நிக்குது. கோரை எடுக்கறப்பப் பிச்சுக்கிட்டு வரும். கோர் வழுக்கி வரக் கொஞ்சமாச்சும் சரிவா வாட்டம் உட்டிருக்கானா பாருங்க. இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது மண்ணத் தொட்டிருப்பானுங்களா?”

“தொட்டதில்லீங்க” என்றார் அவர் பணிவாக. “நாந்தானுங்க செஞ்சேன்.”

எனக்குச் சந்தேகம் வந்து கீழே பார்த்தேன். வலது கால் கட்டைவிரல், கறுத்த நகம்.

கை பறந்துபோய் வாயை மூடிக்கொண்டது. எல்லாம் போச்சு என்று அத்தை வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் காலையில் வெற்றிலை பாக்கோடு சம்மதம் வந்தது. எப்படி வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் பேட்டர்ன் செய்கிறவர், மரத்தில் கோர் பெட்டி செதுக்குகிறவர். மரத்தோடு இருப்பவர்கள் அதிகம் பேசமாட்டார்கள்.

ஆனால் அன்று மேலே போன கை நாற்பத்து நாலு வருஷமாக இறங்கவில்லை. சிரிப்பு வந்தால் பல்லுக்கு முன்னால் கை வந்துவிடும். ஷெட்டில் சிரித்தால் கையில் இருக்கும் கறுப்பு மணல் மேலுதட்டில் ஒட்டிக்கொள்ளும். “அக்கா, மீசை!” என்று பெண்கள் கத்துவார்கள். அதற்கு இன்னொரு தடவை சிரிப்பேன், மீசை தடிக்கும். என் கல்யாண போட்டோவில் வாய்க்குக் கிளாம்ப் போட்ட மாதிரி நிற்கிறேன். மகள் கல்யாண ஆல்பத்தில் தேடினால் நான் பாதி தூணுக்குப் பின்னால், பாதி முந்தானைக்குப் பின்னால் இருப்பேன். எங்கள் வீட்டுக்காரருக்கு அறுபது ஆனபோது அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்றார்கள். அவசர ஆர்டர் இருக்கிறது என்று தட்டிவிட்டேன். ஆர்டர் இருந்தது உண்மை. போட்டோ பயமும் உண்மை.

இந்த இடத்தில் என் பெருமையிலேயே பெரிய பெருமையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பம்பு உடம்புக்குக் கோர் போட்டுக்கொண்டிருந்தோம். கம்பெனி கொடுத்த டிராயிங்கில் ஒரு மூலை கூராக இருந்தது. கூரான மூலையில் இரும்பு ஆறும்போது வெடித்துவிடும். நான் சொல்லி, எங்கள் வீட்டுக்காரர் பெட்டியில் அந்த மூலையை லேசாக உருட்டிக் கொடுத்தார். வெடிப்பு நின்றது. ஆனால் பொருள் டிராயிங் மாதிரி இல்லையே? ஒவ்வொரு தடவையும் டீவியேஷன் கேட்க வேண்டி வந்தது. டீவியேஷன் என்றால், ‘இது வரைந்த மாதிரி இல்லை, ஆனாலும் வேலைக்கு ஆகும், இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்கிறோம்’ என்று கம்பெனி இன்ஜினியர் எழுதித் தரும் சீட்டு. ஒரு தடவையா, இரண்டு தடவையா? கெஞ்சிக் கெஞ்சிச் சலித்துப்போய் ஒரு நாள் கூர்மூலை உருப்படி ஒன்றும் உருட்டிய உருப்படி ஒன்றும் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கே போனேன். இன்ஜினியர் மேஜையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டையும் தட்டினேன். உள்ளே வெடிப்பு இருக்கும் இரும்பு ‘தொப்’ என்னும். நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி ‘டிங்’ என்னும்.

“எதுங்க நல்ல சத்தம்?” என்றேன்.

“ரெண்டாவதுங்கம்மா.”

“அப்ப நல்லா இருக்கறது எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் வந்து மன்னிப்புக் கேக்கோணும்? தாள்ல இருக்கறதைத் திருத்துங்க.”

திருத்தினார். டிராயிங்கின் மூலையில் திருத்தியதற்கு அடையாளமாகப் புது எழுத்துப் போட்டு, பழையதை ரத்து செய்து, புதுத் தாள் வந்தது. ஐந்தாவது படித்தவள் சொல்லி இன்ஜினியர் டிராயிங்கை மாற்றினார். இதைக் கேட்காத ஆள் என் சொந்தத்தில் கிடையாது. சிலர் ஏழெட்டுத் தடவை கேட்டிருக்கிறார்கள்.

இந்த வருஷம் அவருக்கு எழுபது. மகள் வந்து, “அம்மா, இந்தத் தடவை ஆர்டர், லோடு எதையும் சொல்லித் தப்பிக்க முடியாது. எழுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் சொல்லியாச்சு. வாசல்ல எட்டடிக்குப் பேனர்” என்று சொல்லி எங்கள் இருவரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள்.

“சிரிங்கம்மா” என்றார் போட்டோக்காரர்.

“சிரிச்சிட்டுத்தானுங்க இருக்கறேன்.”

“உதட்டைத் தொறந்து சிரிங்கம்மா.”

நான் உதட்டை இன்னும் இறுக்கினேன். எங்கள் வீட்டுக்காரர் வெளிச்சக் குடையின் கம்பி எப்படி மடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். போட்டோக்காரர் விவரமானவர், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “பயப்படாதீங்கம்மா. பல்லைக் கம்ப்யூட்டர்ல உள்ள தள்ளிரலாம்.”

அந்த நம்பிக்கையில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன்.

இரண்டு நாளில் மகளின் போனுக்குப் படம் வந்தது. போனைப் பிடுங்கிப் பார்த்தேன். என் புடவை, என் தோடு, என் மூக்குத்தி. ஆனால் வாய் அழகாக லேசாகத் திறந்து, முத்து முத்தாகப் பல். பி.ஏ. படித்தவள் மாதிரி இருந்தாள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லி, ஒரு நாளில் முப்பது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் தொழில் புத்தி வேலை செய்தது. வாசலில் எட்டடிக்கு அவள் நிற்பாள். உள்ளே வந்தால் மணையில் நான் உட்கார்ந்திருப்பேன். டிராயிங் ஒன்று, உருப்படி ஒன்று. வருகிற ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அப்படி வந்தால் ஷெட்டில் என்ன செய்வோம்? உருப்படியைத் திருத்துவோம். விசேஷத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மணல் லோடு பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போனேன்.

சின்ன வயதுப் பெண் டாக்டர். என்னைச் சாய்த்துப் படுக்க வைத்து, குட்டிக் கம்பி ஒன்றால் முன்பல்லைத் தட்டினார். டிங். அடுத்ததையும் தட்டினார். டிங். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

“வலிக்குதுங்களாம்மா?”

“இல்லீங்க.”

“ஆடுதுங்களா? கடிக்கச் சிரமமா?”

“போன பொங்கலுக்கு அரைக் கட்டுக் கரும்பு கடிச்சனுங்க.”

“வேரெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்கம்மா. உங்களுக்குப் பல் வரிசையாத் தெரியோணும்னா முன்னாடி நாலைப் பிடுங்கிட்டுப் புதுசு கட்டோணும். செஞ்சு தாரேன், அதுல தப்பில்லை. ஆனா எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?”

மைக் கொடுத்தால் விடாத வாய் அங்கே அடைத்துக்கொண்டது. கடைசியில், “பேனருக்குங்க” என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “பேனருக்குன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிங்கம்மா. உங்களுக்கே வேணும்னு தோணுச்சுன்னா வாங்க. பிடுங்கினதைத் திரும்ப வெக்க முடியாது” என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பினால் பெண்கள் என் மகள் போனைச் சுற்றிக் கூட்டமாக நிற்கிறார்கள். என்னிடம் இருபத்தைந்து வருஷமாக இருப்பவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஐயா நல்லா இருக்கறாங்க. பக்கத்துல உங்க தங்கச்சிங்களாக்கா?” என்றாள்.

“நாந்தான்” என்றேன்.

போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம், “அளகா இருக்குதுங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்கக்கா, ஆமாங்க” என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம். ஆனால் தேவைக்கு மேல் இரண்டு ‘ங்க’ விழுந்தால் அது பொய் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் முன்னறையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதிலும் கை ஓயாது.

“வெள்ளிக்கிழமை நாலு பல்லுப் பிடுங்கப் போறனுங்க.”

“ஆடுதா?”

“ஆடலீங்க.”

“வலிக்குதா?”

“இல்லீங்க. எத்திக்கிட்டு நிக்குதில்லீங்க?”

நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார், ஏதோ புதிதாகக் கடைக்கு வந்த சாமானைப் பார்ப்பதுபோல. “நிக்குது. அதுக்கென்ன?”

“அதுக்கென்னங்களா? நாப்பத்து நாலு வருசமா மறைச்சிட்டிருக்கறேன், அதுக்கென்னங்களா?”

“எங்க மறைச்சே?”

“சிரிக்கறப்ப எல்லாம் வாய்ல கை வெக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“மண்ணுத் தூசுக்குன்னு நெனச்சேன்.”

எனக்கு அழுவதா, அந்தப் பெட்டியை எடுத்து அவர் தலையில் போடுவதா என்று தெரியவில்லை. “அப்ப என்ற பல்லை நீங்க பாத்ததே இல்லீங்களா?”

“நீ எப்பப் பேசறதை நிறுத்தினே? ஒரு நாள் நிறுத்து, நிதானமாப் பாக்கறேன்” என்றார்.

போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூரமாக வைத்து, பக்கத்தில் வைத்து, அளவு பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“இது ஆரு?”

“நாந்தானுங்க.”

“இல்ல அம்மணி. இந்தப் பொம்பள அன்னைக்கு அந்தக் கேட்டுல நின்னிருந்தா என்ற பொட்டியப் பாத்துட்டு, ‘நல்லா இருக்குதுங்க’ன்னு சொல்லிப்போட்டுப் போயிருப்பா.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “பேசாத பொண்ணுன்னு எங்கக்கா ஒரே அழுவாச்சி. நான் நேர்ல வந்து பத்து நிமிசம் திட்டு வாங்கிட்டுப் போய்த்தான் பொண்ணு பேசுதுக்கா, நல்லாவே பேசுதுன்னு சொன்னேன்.”

இதை அவர் சொல்ல நாற்பத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது. நான் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார். கேட்க வாயைத் திறக்க வேண்டுமே.

அவர் மறுபடி உப்புத்தாளைக் கையில் எடுத்தார். “சரி, பேனருக்கும் உனக்கும் ஒத்துப்போகோணும், அதானே?”

“ஆமாங்க.”

“பல்லைத் தட்டிப் பாத்தாச்சா?”

“டாக்டரம்மா தட்டினாங்க. நல்ல சத்தமுங்க.”

“இத்தன வருசம் வேலைக்கு ஆச்சா?”

“ஆச்சுங்க.”

“அப்ப திருத்த வேண்டியது எதை? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியே, அந்த இன்ஜினியர்கிட்ட நீ என்ன சொன்னே?”

என் கதையையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். நான் வாயடைத்து நின்றது என் வாழ்க்கையில் மொத்தம் மூன்று தடவை: பெண் பார்க்க வந்தபோது, டாக்டரிடம், அப்புறம் இது.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கோர் காய்ந்ததும் நான் கட்டைவிரலால் தடவித்தான் பார்ப்பேன். எந்தக் கோரையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தொட்டதில்லை. மேடு இருந்தால் மேடு, பள்ளம் இருந்தால் பள்ளம், எங்கே உட்காரும் என்று பார்த்து எடுத்து வைப்பேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முன்பல்லை அப்படித் தடவிப் பார்த்தேன். வழுவழுவென்று, பெரிதாக, பிடிப்பாக இருந்தது. பாவம், அறுபது வருஷமாகக் கரும்பும் முறுக்கும் கடித்துக்கொடுத்துக்கொண்டு முன்னால் நிற்கிறது. நான் தினமும் அதை ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை கையை வாய்க்குக் கொண்டுபோனபோதும் எதிரில் இருப்பவரிடம் ஒரு டீவியேஷன் கேட்டிருக்கிறேன். அவர்கள் யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டருக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். “சுத்தம் பண்ணிக்கறதுக்காவது வாங்கம்மா” என்றார். மகளிடம், திருத்தாத படத்தைப் போடச் சொன்னேன். போட்டோக்காரருக்கு நம்பிக்கை வராமல் என்னிடமே கேட்டார்.

“ஏனுங்கம்மா, பல்லு அப்படியேவா?”

“அப்படியேதானுங்க. டிராயிங் மாத்தியாச்சு” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

இதையெல்லாம் சொல்வதால் நான் ஒரே நாளில் தேறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். விசேஷத்தன்று காலையில் மண்டப வாசலில் எட்டடிக்கு என் பல் தெரிவதைப் பார்த்ததும் வயிற்றுவலி வந்தது, அந்த ஆறாவது வகுப்பு பஸ் நாளைப் போலவே. மேலே ஒரு புடவையைப் போட்டு மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வந்தவர்களோடு பேசும்போது கை தானாக மேலே போனது. போன கையைக் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்வதுபோல இறக்கினேன்.

மாலை மாற்றும் நேரம். இரண்டு கையிலும் கனமான சம்பங்கி மாலை. எதிரில் அவர், குனிய வேண்டுமா நிமிர வேண்டுமா என்று தெரியாமல் நிற்கிறார். கெட்டிமேளம் வாசிக்கத் தயாராக இருந்த அந்த ஒரு நொடி அமைதியில், முன்வரிசை நாற்காலியிலிருந்து எண்பது வயது நாத்தனாரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஏனுங்க, பொண்ணு பேசுமுங்களா?”

“பேசுமுங்கக்கா! நிறுத்தத்தான் ஆள் வேணும்!” என்று என் ஷெட்டுப் பெண்கள் பின்னாலிருந்து ஒரே குரலில் கத்தினார்கள். எங்கள் வீட்டுக்காரர் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. கை மேலே போகப் பார்த்தது. மாலையை எங்கே போட? அப்படியே சிரித்தேன். கேமரா வெளிச்சம் மின்னியது.

அந்தப் படம் இப்போது ஷெட்டில், டிராயிங் மாட்டும் பலகையில் இருக்கிறது. மேல்வரிசையில் எட்டுப் பல் தெரிகிறது, எண்ணிவிட்டேன். முன்னால் நிற்கும் இரண்டும்தான் முதலில் கண்ணில் படும். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறேன்.